கத்தியில் ஓர் ஓட்டை

அலகில் ஓட்டை போட்ட மடக்குக்கத்தி ஒன்று 1981இல் அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது. ஓட்டை சின்னதல்ல, கட்டைவிரலின் சதை பதிகிற அளவு. அதற்கு இடம் வேண்டும் என்பதால் அலகின் முதுகு ஒட்டகத் திமில்போலப் புடைத்திருந்தது. பிடியில் மரமில்லை, கொம்பில்லை, பித்தளையில்லை. முழுக்கத் துருப்பிடிக்காத எஃகு. போதாததற்கு, பேனா மூடியில் இருப்பதுபோல ஒரு பக்கத்தில் கிளிப் வேறு. கொலராடோ மாநிலத்தின் கோல்டன் என்ற சிறு நகரத்திலிருந்த ஸ்பைடர்கோ நிறுவனம் அதற்கு வைத்த பெயர் ‘வொர்க்கர்’. தொழிலாளி.

கண்ணால் பார்த்த பலருக்கு அது பிடிக்கவில்லை. ஸ்பைடர்கோ கத்திகள் அவலட்சணம் என்ற பேச்சு நாற்பது வருடம் கழித்தும் முழுதாக ஓயவில்லை. அந்தக் கத்திகளை வாங்கி அடுக்குகிறவர்களே அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். ஆனால் அதே கத்தியைக் கையில் வாங்கி, ஓட்டையில் கட்டைவிரலை வைத்து ஒரு தள்ளு தள்ளிப் பார்த்தவர்கள் அவ்வளவு சீக்கிரம் திருப்பிக் கொடுக்கவில்லை. விநோதமான மடக்குக்கத்தி எது வந்தாலும் இந்த இழுபறிதான். கண் ஒன்று சொல்லும், கை இன்னொன்று சொல்லும். இரண்டுமே தப்பாகச் சொன்ன சமயங்களும் உண்டு.

வொர்க்கர் ஏன் அத்தனை விசித்திரமாகத் தெரிந்தது என்பது புரிய, அதற்கு முன்னால் இருந்த கத்திகளைப் பார்க்க வேண்டும். பேனாக்கத்தி என்று நாம் சொல்கிற பழைய வகையில் அலகின் மேல்விளிம்பருகே பிறை வடிவத்தில் ஒரு சிறு பள்ளம் இருக்கும். அதில் நகத்தை மாட்டி, இன்னொரு கையால் பிடியை இறுக்கிக்கொண்டு இழுக்க வேண்டும். இரண்டு கையும் வேண்டும், நகமும் வேண்டும். அன்றைய அமெரிக்க ரசிகர்களின் கனவு என்றால் அது பக் 110. 1960களில் வந்த வேட்டைக் கத்தி. மரப் பிடி, இரு முனையிலும் பளபளக்கும் பித்தளை, திறந்ததும் ‘டக்’கென்று பூட்டிக்கொள்ளும் அலகு. எடை ஏறத்தாழ 200 கிராம். பைக்குள் போட்டால் கால்சட்டை இறங்கும் என்பதால் இடுப்புவாரில் தோலுறை மாட்டி அதற்குள் வைத்துக்கொள்வார்கள். அதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, ஓட்டையும் திமிலும் கொண்ட எஃகுத் துண்டு எப்படிப் பிடிக்கும்?

இதில் வேடிக்கை என்னவென்றால், அதை உருவாக்கிய ஸால் கிளெஸ்ஸர் கத்திப் பரம்பரையில் வந்தவரே அல்ல. அவரும் மனைவி கெயிலும் 1976இல் விற்க ஆரம்பித்தது ‘போர்ட்டபிள் ஹேண்ட்’ என்ற ஒரு கருவி. நகைவேலை, சில்லறை ஒட்டுவேலை செய்கிறவர்களுக்காகச் சிறு பொருட்களைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும் பல கைகள் கொண்ட தாங்கி அது. பார்க்கச் சிலந்திபோல இருக்கும். நிறுவனத்தின் பெயரும் சிலந்திச் சின்னமும் அங்கிருந்து வந்தவை. ரொட்டி விநியோகிக்கும் பழைய வேன் ஒன்றை வீடாக மாற்றிக்கொண்டு, ஊர் ஊராகச் சந்தைகளிலும் கண்காட்சிகளிலும் விற்றார்கள். 1978இல் கோல்டனில் ஊன்றினார்கள். அடுத்து வந்தது சாணைக் கருவி: ஒரு பலகையில் முக்கோணச் சாணைக்குச்சிகளை ‘வி’ எழுத்துப்போலச் சாய்த்து நிறுத்தி, கத்தியை நேராகக் கீழே இழுத்தாலே சரியான கோணத்தில் தீட்டிவிடலாம். ஆக, கத்தி செய்யும் முன்பே ஊராரின் மழுங்கிய கத்திகளோடு புழங்கியவர்கள் அவர்கள். அலங்காரத்தில் மயங்காமல் வேலையைப் பார்க்கும் கண் அந்தப் பழக்கத்தில் வந்திருக்கலாம்.

கத்தியை வடிவமைத்தது கோல்டனில் என்றாலும், செய்தது ஜப்பானின் கிஃபு மாநிலத்திலுள்ள ஸெகி நகரத்தில். எழுநூறு ஆண்டுகளுக்கு மேலான வாள் மரபு உள்ள ஊர் அது. வாளுக்கு வேலையில்லாமல் போனபின் சமையல் கத்தி, கத்தரிக்கோல், சவரக்கத்தி என்று தொழில் மாறிய பட்டறைகள், இந்த ஓட்டைக் கத்தியையும் எடுத்துக்கொண்டன.

ஓட்டையின் சூட்சுமம் எளிது. கட்டைவிரலின் சதை ஓட்டைக்குள் சற்றுப் புதைகிறது. ஓட்டையின் விளிம்பு அந்தச் சதையைப் பற்றிக்கொள்கிறது. விரலை வளைவாக நகர்த்தினால் அலகு அதன் பின்னாலேயே வருகிறது. வட்டத்துக்கு இடம் வலம் கிடையாது என்பதால் இடதுகைக்காரருக்கும் அதே வசதி. கையுறை போட்டிருந்தாலும் திறக்கலாம். பிற்பாடு வேறு நிறுவனங்கள் அலகில் ஒரு சிறு குமிழை நட்டு இதே காரியத்தைச் சாதித்தன. ஆனால் குமிழ் வெளியே துருத்தும், பையிலிருந்து எடுக்கும்போது மாட்டும், சாணை பிடிக்கும்போது கல்லில் இடிக்கும். ஓட்டை எதிலும் இடிக்காது. அது ஒரு பொருளே அல்ல, பொருள் இல்லாத இடம். உடையாது, கழன்று விழாது.

கிளிப்பின் கதை இன்னும் எளிமையானது. பையின் அடியில் சாவிக்கும் சில்லறைக்கும் நடுவே குறுக்காகக் கிடந்த கத்தியை, அது பையின் வாயருகே செங்குத்தாக நிறுத்தியது. கை போகிற இடத்திலேயே கத்தி. மறுகையில் கயிற்றைப் பிடித்திருக்கும் படகோட்டிக்கும் மலையேறிக்கும் இதன் அருமை உடனே தெரிந்தது. 1982இல் ரம்பப் பல் வைத்த ‘மரைனர்’ கடலோடிகளுக்காக வந்தது. 1984இல் ‘போலீஸ்’ என்ற பெயரிலேயே ஒன்று. ஒற்றைக் கையால் திறப்பதும் பையில் மாட்டுவதும் இன்று மலிவான கத்திகளிலும் சாதாரணம். கிளிப் இல்லாத புதுக் கத்தி வந்தால்தான் இப்போது ஆச்சரியப்படுகிறார்கள்.

சரி, கத்திப் பைத்தியம் பிடித்த ஒருவர் கையில் ஒரு புதுக் கத்தி கிடைத்தால் முதல் ஐந்து நிமிடத்தில் என்ன செய்வார்? பெரும்பாலும் எதையும் வெட்டமாட்டார்.

மூடியபடியே உள்ளங்கையில் வைத்து எடை பார்ப்பார். பிறகு முகத்துக்கு நேராகத் தூக்கி, பிடியின் இரு சுவருக்கும் நடுவில் அலகு சரிமையமாக உட்கார்ந்திருக்கிறதா, ஒரு பக்கம் உரசுகிறதா என்று ஒற்றைக் கண்ணால் பார்ப்பார். திறப்பார், மூடுவார். மறுபடி திறப்பார். பக்கத்தில் இருப்பவருக்கு எரிச்சல் வரும்வரை இது நடக்கும். திறந்த அலகின் நுனியைப் பிடித்து இடமும் வலமும், மேலும் கீழும் அசைத்து, ஆட்டம் இருக்கிறதா என்று சோதிப்பார். கதவுக் கீலில் தளர்ச்சி இருக்கிறதா என்று தச்சர் பார்ப்பது மாதிரிதான். பழைய பாணிப் பேனாக்கத்திகளைச் சேகரிப்பவர்கள் இதற்கென்று அழகான இரண்டு சொற்கள் வைத்திருக்கிறார்கள்: நடை, பேச்சு. திறக்கும்போது வில்லின் மேல் அலகு வழுக்கிப் போகும் சீர்தான் நடை. கடைசியில் உட்காரும்போது எழும் சொடுக்கு அதன் பேச்சு. நல்ல கத்தி நன்றாக நடக்கும், தெளிவாகப் பேசும். காதருகே வைத்துக் கேட்பவர்களும் உண்டு.

அப்புறம் முன்கை ரோமம். அலகை முன்கையில் லேசாக ஓட்டி மயிர் சிரைகிறதா என்று பார்ப்பது இந்த வட்டாரத்தில் பழைய வழக்கம். தீவிர ரசிகர் யார் என்று தெரிய, இடது முன்கையில் மொட்டைத் திட்டு இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

இத்தனை சோதனையிலும் அகப்படாத விஷயங்கள்தான் உண்மையில் முக்கியமானவை. எஃகு அதில் முதலாவது. ரசிகர்கள் எஃகின் பெயர்களைக் கிரிக்கெட் வீரர்களின் ஓட்டக் கணக்குபோல ஒப்பிப்பார்கள். 2021இல் லாரின் தாமஸ் என்ற உலோகவியலாளர் உருவாக்கிய மேக்னாகட் என்ற எஃகு, துருவை எதிர்ப்பதும் வலுவும் ஒன்றாகச் சேர்ந்தது என்று பெரும் பேர் வாங்கியது. ஆனால் பளபளக்கும் புது அலகைப் பார்த்து அது எந்த எஃகு என்று எவராலும் கண்டுபிடிக்க முடியாது. அட்டைப்பெட்டிகளை அறுத்து, தீட்டி, மறுபடி அறுத்தபின்தான் வித்தியாசம் தெரியும். எஃகைவிடவும் அதிகம் ஏமாற்றுவது அலகின் தடிமன். தடித்த அலகு கண்ணுக்குப் பலசாலி. அதை ஓர் ஆப்பிளில் இறக்கினால் பாதியில் ஆப்படித்ததுபோல ‘படக்’கென்று பழம் பிளந்துவிடும், வெட்டுப்படாது. மெல்லிய அலகு சத்தமில்லாமல் கீழே போய்விடும். தோளை அகட்டிக்கொண்டு நிற்கும் பல ‘போர்வீரர்’ கத்திகள் ஒரு தக்காளியிடம் தோற்பது இதனால்தான்.

இறுக்கமும் அப்படித்தான். புதுச் செருப்பு கடிப்பதுபோலப் புதுக் கத்தி முரண்டு பிடிக்கும். சில நூறு முறை திறந்து மூடி, அச்சில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டபின் அதே கத்தி வழுக்கிக்கொண்டு வரும். முதல் நாளே ‘தேறாது’ என்று முத்திரை குத்திய கத்தியை, இரண்டு மாதம் கழித்து எந்நேரமும் பையில் வைத்துக்கொண்டு திரிபவர்கள் ஏராளம். மறுபக்கமும் இருக்கிறது. முதல் நாள் பட்டுப்போல இருந்தது, கொஞ்ச நாளில் தளர்ந்து கடகடக்கும்.

விநோதம் எல்லாமே காலத்தால் ஜெயித்துவிடும் என்று நினைத்துவிடக் கூடாது. ஸ்பைடர்கோவிலேயே உதாரணம் இருக்கிறது. 1990இல் ‘எண்டுரா’, ‘டெலிகா’ என்று இரண்டு கத்திகளைக் கொண்டுவந்தார்கள். கண்ணாடி இழை கலந்த நைலானில் வார்த்த பிடி, இறகுபோல எடை. கிளிப்பையும் தனியாகத் திருகாமல், பிடியோடு ஒரே வார்ப்பாக எடுத்திருந்தார்கள். கையில் எடுத்ததும் ‘அட, எவ்வளவு சுத்தமான யோசனை’ என்று தோன்றும். கார் இருக்கையிலும் கதவோரத்திலும் இடிபட்டு அந்த பிளாஸ்டிக் கிளிப்புகள் ஒடிந்தன. ஒடிந்தால் மாற்றவும் வழியில்லை, பிடியோடு பிறந்தது அல்லவா! பிற்பாடு எஃகுக் கிளிப் வந்தது. இன்னும் பிற்பாடு, நான்கு இடங்களில் எங்கு வேண்டுமானாலும் கழற்றி மாட்டும்படி ஆனது. இப்படித் திருத்தித் திருத்தி வந்த நான்காம் தலைமுறைதான் பெயரில் 4 என்ற எண்ணோடு விற்கும் டெலிகா. முதல் பார்வையில் கைதட்டல் வாங்கிய உறுப்பு காணாமல் போய்விட்டது. ஏளனம் வாங்கிய ஓட்டை அப்படியே இருக்கிறது.

அண்மைக்கால விநோதங்களில் சுவையானது ‘ஹோம்ஃப்ரண்ட்’. அமெரிக்க மரைன் படையில் இருந்துவிட்டு ஹவாயில் கத்தி வடிவமைப்பாளராகப் பேரெடுத்த கென் ஆனியன், சி.ஆர்.கே.டி. என்ற ஆரிகன் மாநில நிறுவனத்துக்காக வடிவமைத்தது, 2016இல் வந்தது. அதன் தனித்தன்மை வெட்டுவதில் இல்லை, கழற்றுவதில்! கத்தியை மூடி வைத்துக்கொண்டு, அச்சருகே உள்ள சிறு நெம்புகோலைத் தள்ளி, பிடியின் கோடியில் இருக்கும் சக்கரத்தைச் சுழற்றினால் பிடியின் ஒரு பக்கம் தானாக விலகி வந்துவிடும். திருப்புளி வேண்டாம். மணலும் சேறும் புகுந்த கத்தியை நின்ற இடத்திலேயே துடைத்து மாட்டிவிடலாம். ஸ்விட்சர்லாந்துப் படைக்கு 1891இல் கார்ல் எல்ஸனர் கொடுத்த சிப்பாய்க் கத்தியில், துப்பாக்கியைக் கழற்றுவதற்காக ஒரு திருப்புளி இருந்தது. அதற்குச் சரியாக 125 வருடம் கழித்து, திருப்புளி இல்லாமல் தன்னையே கழற்றிக் காட்டும் கத்தி வந்திருக்கிறது.

ஹோம்ஃப்ரண்டைக் கையில் வாங்கிய எவரும் முதலில் செய்தது என்னவாக இருக்கும்? கழற்றியதுதான். இரண்டாவதாகச் செய்ததும் அதுதான். மூன்றாம் தடவைக்குப் பிறகுதான் சந்தேகம் தலைகாட்டும்: இவ்வளவு சுலபமாகக் கழல்வது, வேலையின் நடுவே தானாகத் தளராதா? ஒரு வருடத்தில் எத்தனை தடவை கத்தியைக் கழற்றிக் கழுவப் போகிறோம்? மீன் அறுப்பவருக்கும் பாலைவனத்தில் திரிபவருக்கும் இது வரம். அலுவலகத்தில் கூரியர் உறை பிரிப்பவருக்கு நல்ல விளையாட்டுப் பொருள். இரண்டுமே பணம் கொடுத்து வாங்கத் தகுந்த காரணங்கள்தான், ஒன்றை இன்னொன்று என்று நினைத்துக்கொள்ளாதவரை.

முதல் பார்வையில் தீர்ப்புச் சொல்லாத பொறுமை பூட்டு விஷயத்தில் இன்னும் அதிகம் தேவைப்படுகிறது, விரல் பணயம் என்பதால். திறந்த அலகு வேலையின் நடுவே மடங்கினால் அது விழுகிற இடம் விரல்தான். அப்படியும் பிரான்ஸின் சவோய் பகுதியில் ஜோசஃப் ஒபினெல் 1890இல் செய்த மரப்பிடிக் கத்தி 65 வருடம் பூட்டே இல்லாமல் விற்றது. 1955இல்தான் பிடியின் கழுத்தில் சுழலும் ஓர் எஃகு வளையத்தைப் போட்டார்கள். திருப்பினால் அலகு பூட்டிக்கொள்ளும். அவ்வளவு எளிய சாதனம். அந்தக் கத்தியின் குறையும் ரசிகர்களுக்கு மனப்பாடம்: ஈரத்தில் மரம் உப்பி அலகை விடாது. அப்போது பிடியின் அடிப்பகுதியை மேசையில் ஒரு தட்டு தட்டினால் அலகு கொஞ்சம் எட்டிப் பார்க்கும். இந்தத் தட்டுக்கு ‘சவோய்க்காரன் தட்டு’ என்றே பெயர். குறைக்கே செல்லப் பெயர் வைத்துக்கொண்ட பிறகு யார் அதைக் குறை என்பார்கள்?

1998இல் பெஞ்ச்மேட் நிறுவனத்தின் 710 என்ற கத்தியில் பில் மெக்ஹென்றி, ஜேசன் வில்லியம்ஸ் இருவரும் அமைத்த பூட்டு இன்னொரு திருப்பம். பிடியின் குறுக்கே ஒரு சிறு எஃகுக் குச்சி. அதை இரு விரலால் பின்னுக்கு இழுத்தால் அலகு விடுபடும். மூடும்போது அலகின் பாதையில் விரல் குறுக்கிடாது, எந்தக் கைக்கும் ஒத்துவரும். அந்தக் குச்சியைத் தாங்குவது மயிரிழை போன்ற இரண்டு கம்பிச்சுருள்கள். ஒன்று ஒடிந்தால் மற்றது வேலை செய்யும். அந்தக் கம்பிகளைப் பார்த்துப் பயந்தவர்கள் பயந்துகொண்டே இருக்க, காப்புரிமைக் காலம் முடிந்ததும் உலகத்திலுள்ள கம்பெனிகள் எல்லாம் அதே பூட்டைப் போட ஆரம்பித்துவிட்டன.

மடக்கிப் பையில் வைக்கும் கூர்மை மேற்கிலிருந்துதான் நமக்கு வந்தது என்றும் எண்ண வேண்டாம். பனையோலையில் எழுதிய காலத்துத் தமிழரிடம் மடக்கெழுத்தாணி என்று ஒன்று இருந்தது. பிடியின் ஒரு பக்கம் எழுத்தாணி, மறுபக்கம் ஓலையை நறுக்கிச் சீராக்கக் கத்தி. இரண்டும் பிடிக்குள் மடங்கிக்கொள்ளும். பேனாக்கத்தி என்ற சொல்லில் உள்ள பேனாவும் இறகைச் சீவி எழுதிய காலத்தின் மிச்சம்தானே. எழுதுகிறவர்களுக்கும் மடக்குக்கத்திக்கும் பழைய சிநேகம்.

சட்டம் இந்த விளையாட்டில் தனியாக ஒரு கை போடுகிறது. பிரிட்டனில் 1988ஆம் ஆண்டுச் சட்டப்படி, 3 அங்குலத்துக்கு மிகாத அலகுள்ள மடக்குக்கத்தியைக் காரணம் சொல்லாமல் வைத்துக்கொள்ளலாம். பூட்டு இருந்தால் அந்தச் சலுகை கிடையாது. விளைவு, பாதுகாப்புக்கென்று உருவான பூட்டைக் கழற்றிவிட்டு, அந்நாட்டுக்கென்றே ஒரு கத்தியைச் செய்தது ஸ்பைடர்கோ. பூட்டு போயிற்று, ஓட்டை மட்டும் போகவில்லை. ஜப்பானிலோ 6 சென்டிமீட்டரைத் தாண்டிய கத்தியைத் தக்க காரணமின்றி வெளியே எடுத்துப்போவது குற்றம். ஸெகியில் செய்து உலகெங்கும் பைகளில் மாட்டித் திரியும் கத்திகளில் பலவற்றை ஸெகித் தெருவில் சும்மா மாட்டிக்கொண்டு நடக்க முடியாது.

முதன்முதலில் வந்த வொர்க்கர்களுக்கு இப்போது சேகரிப்பாளர்களிடம் நல்ல கிராக்கி. அதிலும் சாணைக்கல் படாத அலகு, கீறல் விழாத பிடி, பையில் மாட்டித் தேயாத கிளிப் என்றால் விலை ஏறும். கயிறு அறுக்கவும் பெட்டி பிரிக்கவும் பிறந்த தொழிலாளிகளை, மெத்தென்ற துணி விரித்த பெட்டிகளுக்குள் படுக்கவைத்திருக்கிறார்கள்.